இருப்புப்பாதை கற்ற பாடங்கள்

ஓர் ஊருக்குப் புதிதாக இருப்புப்பாதை வருமாயின், அவ்வூர் மக்கள் கொள்ளும் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. நிலையத்தில் மாவிலைத் தோரணங்கள் கட்டப்பெறும், மேளம் முழங்கும், வண்டியை இழுத்துச் செல்லும் எஞ்சினுக்கு மாலை சூட்டப்பெறும். பெரியோர் ஒருவர் கொடியசைக்க, முதல் வண்டி மெல்ல நகரும். அச்செய்தியை நாளிதழ்கள் படத்துடன் வெளியிடும். வேறொரு நாள் அதே நாளிதழ்கள், எங்கோ ஒரு வண்டி கவிழ்ந்த செய்தியையும் வெளியிடும். திறப்பு விழாவும் விபத்தும் ஒன்றற்கொன்று தொடர்பில்லாதவை என்றே நாம் கருதுகிறோம். ஆனால், இருப்புப்பாதையின் வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு, அவ்விரண்டும் ஒரே நூலின் இரு பக்கங்களாகவே தோன்றும்.

இன்று நாம் மாலையில் வண்டி ஏறி, இரவெல்லாம் அச்சமின்றி உறங்கி, விடியலில் வேற்றூரில் கண் விழிக்கிறோம். நம்மைச் சுமந்து செல்லும் வண்டியை ஓட்டுபவர் யார் என்பதையும் நாம் அறியோம். பாதையைக் காப்பவர் யார் என்பதையும் அறியோம். ஆயினும், நம் உயிரை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு உறங்குகிறோம். இந்நம்பிக்கை ஒரு நாளில் உண்டானதன்று. இருப்புப்பாதையின் விதிகள் பலவற்றிற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. அத்துயரத்தின் காரணத்தை அஞ்சாமல் ஆராய்ந்து சொன்ன சிலரின் நேர்மையும் இருக்கிறது. அத்தகைய சில நிகழ்ச்சிகளை இங்கே காண்போம்.

இங்கிலாந்து நாட்டில் 1825-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் ஸ்டாக்டன் என்னும் ஊருக்கும் டார்லிங்டன் என்னும் ஊருக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. நீராவியால் இயங்கிய எஞ்சினை அதில் ஓட்டியவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன். ஆனால் அப்பாதையில் குதிரைகளும் வண்டிகளை இழுத்தன. முற்றிலும் எஞ்சினையே நம்பி, இரு பெருநகரங்களை இணைத்து, மக்கள் போக்குவரவுக்கென்று குறித்த நேரப்படி வண்டிகளை ஓட்டத் தொடங்கியது லிவர்ப்பூல்–மான்செஸ்டர் இருப்புப்பாதையே ஆகும். அதன் திறப்பு விழா 1830-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் நடைபெற்றது.

அவ்விழாவிற்கு நாட்டின் தலைமை அமைச்சராகிய வெல்லிங்டன் கோமகனே வந்திருந்தார். இணையாக அமைந்த இரு பாதைகளில் ஒன்றில் கோமகனின் வண்டி தனித்துச் சென்றது; மற்றொன்றில் ஏழு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றன. வழியில் பார்க்சைடு என்னுமிடத்தில் எஞ்சின் நீர் கொள்வதற்காகக் கோமகனின் வண்டி நின்றது. எவரும் கீழே இறங்க வேண்டா என்று முன்னரே அறிவித்திருந்தனர். எனினும், விருந்தினர் பலர் இறங்கிப் பாதையின்மீது உலாவத் தொடங்கினர். லிவர்ப்பூல் நகரின் சார்பில் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த வில்லியம் ஹஸ்கிசன் என்பவரும் அவர்களுள் ஒருவர். அவருக்கும் கோமகனுக்கும் முன்பு மனவேற்றுமை இருந்தது. அந்நன்னாளில் பகையை மறந்து கைகுலுக்க வேண்டும் என்று எண்ணி அவர் கோமகனின் பெட்டியை அணுகினார். இருவரும் கைகுலுக்கினர்.

அவ்வேளையில் அடுத்த பாதையில் ‘ராக்கெட்’ என்னும் எஞ்சின் விரைந்து வந்தது. ஓராண்டிற்கு முன் ரெயின்ஹில் என்னுமிடத்தில் நடைபெற்ற போட்டியில் வென்று, 500 பவுன் பரிசு பெற்ற புகழ்வாய்ந்த எஞ்சின் அது. ஆனால் ஓடும் வண்டியை உடனே நிறுத்தவல்ல தடைக்கருவி அதில் இல்லை. இரு பாதைகளுக்கும் இடையே இருந்த இடமோ மிகக் குறுகியது. ஏனையோர் விலகி ஓடினர். சிலர் பெட்டிக்குள் ஏறிக்கொண்டனர். ஹஸ்கிசன் தடுமாறிப் பெட்டியின் கதவைப் பற்றினார். கதவு திறந்து வெளிப்புறமாக வீச, அவர் தண்டவாளத்தின்மீது விழுந்தார். எஞ்சின் அவர் காலின்மீது ஏறிச் சென்றது. ஸ்டீபன்சன் தாமே மற்றோர் எஞ்சினை ஓட்டி, ஏறத்தாழ 15 மைல் தொலைவை 25 நிமிடங்களில் கடந்து, அவரை எக்கிள்ஸ் என்னும் ஊருக்குக் கொண்டு சேர்த்தார். அந்நாளில் மனிதர் கண்டறியாத வேகம் அது. ஆயினும், அன்றிரவே ஹஸ்கிசன் உயிர் துறந்தார்.

உயிரைப் பறித்ததும் எஞ்சினே. உயிரைக் காக்க விரைந்ததும் எஞ்சினே. குதிரை வண்டியின் வேகத்தையே அறிந்திருந்த மக்கள், தொலைவில் வரும் எஞ்சின் தம்மை வந்தடைய எத்தனை நொடிகள் ஆகும் என்பதைக் கணிக்க அறியாதவராய் இருந்தனர். புதிய ஆற்றல் ஒன்று உலகிற்கு வந்தபோது, அதற்கேற்ற புதிய பழக்கமும் மக்களுக்கு வேண்டும் என்பதே முதற்பாடம் ஆயிற்று. திறப்பு விழா நாளிலேயே இருப்புப்பாதை அப்பாடத்தைக் கற்பித்துவிட்டது.

அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்குள் இருப்புப்பாதைகள் நாடெங்கும் பரவின. மலைகளைக் குடைந்தும் ஆறுகளைக் கடந்தும் அவை சென்றன. இயற்கையை முற்றிலும் வென்றுவிட்டோம் என்ற இறுமாப்பும் மக்கள் உள்ளத்தில் மெல்ல வளரத் தொடங்கியது. அவ்விறுமாப்பை ஒரே இரவில் அடக்கிய நிகழ்ச்சி ஸ்காட்லாந்து நாட்டில் நேர்ந்தது.

அங்கே டண்டீ என்னும் நகரின் அருகே டே என்னும் ஆறு கடலோடு கலக்கிறது. கடலின் கைபோல் அகன்ற அவ்வாற்றின் குறுக்கே, ஏறத்தாழ இரண்டு மைல் நீளமுள்ள பாலம் ஒன்று அமைக்கப்பட்டது. அதனை வகுத்தவர் தாமஸ் பௌச் என்னும் பொறியியல் வல்லுநர். 1878-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் பாலம் மக்கள் போக்குவரவுக்குத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் விக்டோரியா அரசியார் அப்பாலத்தின்மீது பயணம் செய்தார். பௌச்சுக்கு ‘சர்’ பட்டமும் வழங்கினார். உலகமே அப்பாலத்தை வியந்து புகழ்ந்தது.

1879-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை. கடும்புயல் ஆற்றின் குறுக்கே சீறி வீசிக்கொண்டிருந்தது. இரவு ஏழு மணிக்குச் சற்றுப் பின்னர், ஒரு வண்டி தென்கரையிலிருந்து பாலத்தின்மீது ஏறியது. அதன் பின்விளக்கு இருளில் சிறிது சிறிதாக மங்கிச் செல்வதைக் கரையில் இருந்தோர் கண்டனர். பின்னர் ஏதோ ஓர் ஒளி தோன்றியது. அதன்பின் இருளே சூழ்ந்தது. வண்டி மறுகரையைச் சேரவில்லை. கப்பல்கள் செல்வதற்காக நடுவில் உயர்த்திக் கட்டப்பட்டிருந்த 13 கண்களும், அவற்றைத் தாங்கிய தூண்களும், வண்டியோடு ஆற்றில் வீழ்ந்துவிட்டன. வண்டியில் இருந்தோர் ஒருவரும் பிழைக்கவில்லை. மாண்டோர் 75 பேர் என நெடுங்காலம் கணக்கிடப்பட்டது. பெயர் தெரியவந்தோர் 59 பேர்.

‘புயல் வீழ்த்தியது’ என்று கூறி, அரசினர் வாளாவிருந்திருக்கலாம். ஆனால், மூவர் கொண்ட ஆராய்ச்சிக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அக்குழு பாலத்தின் ஒவ்வோர் உறுப்பையும் ஆராய்ந்தது. தூண்கள் வார்ப்பிரும்பால் ஆனவை. வார்க்கும்போது சிலவற்றில் துளைகள் விழுந்திருந்தன. பழுதுற்ற தூண்களை விலக்காமல், மெழுகும் குங்கிலியமும் இரும்புத்தூளும் கரியும் கலந்த பசையால் அத்துளைகளை அடைத்து, பழுது வெளித்தெரியாதவாறு மறைத்திருந்தனர். தூண்களைப் பிணைத்து நின்ற குறுக்குப் பட்டைகள் பாலம் திறந்த சில திங்களிலேயே தளர்ந்து, கடகடவென ஒலித்தன. அவ்வொலியைக் கேட்ட கண்காணிப்பாளர் கட்டட வேலையில் பயின்றவரேயன்றி இரும்பு வேலையில் பயின்றவர் அல்லர். அவர் இரும்புத் துண்டுகளை இடையில் செருகி ஒலியை அடக்கினாரேயொழிய, மேலோர்க்கு அதனை அறிவிக்கவில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, காற்றின் வன்மை எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்டு, அதனைத் தாங்கும் வலிமையைப் பாலத்திற்கு அளிக்க எவரும் முயலவில்லை. பாலம் தவறாக வகுக்கப்பட்டது, தவறாகக் கட்டப்பட்டது, தவறாகப் பேணப்பட்டது என்னும் முடிவு வெளிவந்தது. பௌச் சில திங்களில் மனமுடைந்து மறைந்தார்.

இம்முடிவு கடுமையானதே. எனினும், அக்கடுமையால் விளைந்த பயன் பெரிது. ஃபோர்த் என்னும் மற்றோர் ஆற்றுமுகத்தின்மீது பௌச் வகுத்திருந்த பாலத்தின் வேலை நிறுத்தப்பட்டது. ஜான் ஃபௌலர், பெஞ்சமின் பேக்கர் என்னும் இருவர் அதற்குப் புதுத்திட்டம் வகுத்தனர். சதுர அடி ஒன்றிற்கு 56 இராத்தல் அளவு காற்று மோதினும் தாங்குமாறு, எஃகினால் அப்பாலத்தை அமைத்தனர். 1890-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாள் திறக்கப்பட்ட ஃபோர்த் பாலம் இன்றும் வண்டிகளைத் தாங்கி நிற்கிறது. டே ஆற்றிலும் 1887-ஆம் ஆண்டில் புதிய பாலம் எழுந்தது. அதனை வகுத்த பார்லோ என்பவர், பழைய பாலத்தின் வீழ்ச்சியை ஆராய்ந்த மூவருள் ஒருவரே ஆவார். வீழ்ந்ததன் காரணத்தை அறிந்தவரே வீழாததை எழுப்பினார். ஆற்றின் அடியிலிருந்து மீட்கப்பட்ட எஞ்சினும் செப்பனிடப்பட்டுப் பல ஆண்டுகள் உழைத்தது. தொழிலாளர் அதற்கு ‘மூழ்கி எழுந்தவன்’ என்று பொருள்படும் பெயரிட்டு அழைத்தனராம்.

டே பாலத்தின் வீழ்ச்சியால் பொறியியல் வல்லுநர்கள் பாடம் கற்றனர். வண்டிகளை ஓட்டும் முறையில் இருந்த குறைகளோ அப்படியே இருந்தன. அவற்றை நீக்கச் சட்டமே இயற்ற வேண்டும் என்று நாட்டினரை உணரச் செய்தது, அயர்லாந்து நாட்டில் சிறுவர் பலரைப் பலிகொண்ட ஒரு விபத்து.

1889-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், ஆர்மா என்னும் ஊரின் ஞாயிற்றுப் பள்ளிச் சிறுவர்களும் அவர்தம் உற்றாரும் கடற்கரைக்கு இன்பச் சுற்றுலாச் செல்லப் புறப்பட்டனர். கூட்டம் எதிர்பார்த்ததைவிட மிகுந்தது. ஆகவே, வண்டியில் பெட்டிகள் மேலும் சேர்க்கப்பட்டு, 15 ஆயின. 900-க்கும் மேற்பட்டோர் அவற்றில் நெருங்கி அமர்ந்தனர். ஊரைக் கடந்ததும் பாதை செங்குத்தாக மேலேறிச் சென்றது. எஞ்சின் மூச்சிரைத்து ஏறி, மேட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது.

வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பகுதியை முதலில் கொண்டுபோய் விட்டு, பின்னர் வந்து மறுபகுதியை இழுத்துச் செல்லலாம் என்று பொறுப்பிலிருந்தவர் முடிவு செய்தார். பின்பகுதியின் பத்துப் பெட்டிகளையும் அச்சரிவில் நிறுத்தி வைக்க, கடைசிப் பெட்டியில் இருந்த கையால் இயக்கும் தடை ஒன்றும், சக்கரங்களுக்குப் பின்னால் வைத்த சில கற்களுமே துணை. இணைப்பைக் கழற்றினர். எஞ்சின் புறப்படுமுன் சிறிதே பின்வாங்கி, நின்ற பெட்டிகளை இடித்தது. கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் சரிவில் உருளத் தொடங்கி, கணத்துக்குக் கணம் வேகம் கொண்டன. பெட்டிகளின் கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. சிறுவர்கள் வெளியேற வழியில்லை. அதே பாதையில் பின்னால் மற்றொரு வண்டி வந்துகொண்டிருந்தது. அவ்வண்டியின் ஓட்டுநர் கண்டு வேகத்தைக் குறைத்தும், மோதலைத் தவிர்க்க இயலவில்லை. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவர்களுள் சிறுவர் பலர்.

இவ்விபத்திற்கு இரண்டு குறைகள் காரணம் எனக் கண்டறிந்தனர். முதற்குறை தடைக்கருவியைப் பற்றியது. அவ்வண்டியிலும் எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான தடை இருந்தது. எஞ்சின் குழாயின் வழியே காற்றை உறிஞ்சினால் தடை சக்கரத்தைப் பற்றும். குழாய் பிரிந்து காற்று உட்புகுந்தால் தடை விட்டுவிடும். ஆகவே, மிகவும் தேவையான நேரத்தில், அஃதாவது வண்டி அறுந்த நேரத்தில், அத்தடை பயன்படவில்லை. இதனை அப்படியே தலைகீழாக மாற்றினால் என்ன? குழாய் ஒழுங்காக இருக்கும்வரை தடை விட்டிருக்க வேண்டும். குழாய் எங்கேனும் அறுந்தால், எவரும் இயக்காமல் தானாகவே பற்ற வேண்டும். இத்தகைய தானியங்கித் தடை அதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அமெரிக்க நாட்டில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹௌஸ் என்பவர் அழுத்திய காற்றைக் கொண்டு அதனை அமைத்திருந்தார். செலவை எண்ணிப் பல நிறுவனங்கள் அதனை மேற்கொள்ளாமல் காலம் தாழ்த்தின.

இரண்டாம் குறை வண்டிகளின் இடைவெளியைப் பற்றியது. முன்வண்டி சென்று சில நிமிடங்கள் கழிந்தால் பின்வண்டியை விடலாம் என்பதே அப்பாதையின் வழக்கம். முன்வண்டி இடைவழியில் நின்றுவிட்டால், பின்வண்டிக்கு அது தெரிய வழியில்லை. இதற்கு மாறாக, பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டி இருக்கும்வரை மற்றொரு வண்டியை அதில் விடாமல், தந்தியின் வழியே நிலையங்கள் ஒன்றையொன்று கேட்டறியும் முறையும் அப்போதே அறியப்பட்டிருந்தது. அதுவும் எல்லா இடங்களிலும் கைக்கொள்ளப்படவில்லை.

மருந்து கையிலிருந்தும் நோயாளிக்குக் கொடுக்காத நிலை அது. சிறுவர்களின் சாவு நாட்டின் மனச்சான்றைத் தட்டி எழுப்பியது. அவ்வாண்டிலேயே பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. மக்கள் செல்லும் எல்லா வண்டிகளிலும் தானியங்கித் தடை வேண்டும். ஒரு பகுதியில் ஒரே வண்டி என்னும் முறை வேண்டும். பாதை மாற்றும் கருவியும் கைகாட்டியும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு, தவறான பாதைக்குக் கைகாட்டி இறங்க இயலாதவாறு அமைதல் வேண்டும் என்று வற்புறுத்த, அரசினர் ஆற்றல் பெற்றனர். இன்று உலகெங்கும் இருப்புப்பாதையின் உயிர்நாடியாய் விளங்குபவை இம்மூன்று நெறிகளே.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இந்தியாவில் மக்கள் பயணத்திற்கென முதல் வண்டி 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாயிலிருந்து தானேவுக்கு ஓடியது. 21 குண்டுகள் முழங்க, 14 பெட்டிகளை மூன்று எஞ்சின்கள் இழுத்துச் சென்றன. தென்னாட்டின் முதற்பாதை 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை திறக்கப்பட்டது. பிற நாடுகள் விலை கொடுத்துக் கற்ற நெறிகள் காலப்போக்கில் நம் நாட்டிற்கும் வந்தன. எனினும், நம் நாட்டிற்கே உரிய பகைகள் சில உண்டு. பருவமழையும் காட்டாற்று வெள்ளமும் புயலும் அவற்றுள் முதன்மையானவை.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விரைவு வண்டி, அரியலூர் அருகே மருதையாற்றின் வெள்ளத்தில் வீழ்ந்தது. பெருகிய நீர் பாதையைத் தாங்கிய கரையை அரித்திருந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது நாட்டின் இருப்புப்பாதை அமைச்சராக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. கரையை அரித்தது வெள்ளம். வண்டியை ஓட்டியவர் வேறொருவர். ஆயினும், துறையின் தலைவன் என்ற முறையில் அப்பொறுப்பு தம்முடையதே என்று கருதி, அவர் பதவியைத் துறந்தார். அவ்வாண்டிலேயே மகபூப்நகர் அருகே நேர்ந்த விபத்தின்போதும் அவர் விலக முன்வந்தார். தலைமை அமைச்சர் நேரு அப்போது அதற்கு இசையவில்லை. இம்முறை இசைந்தார். பதவியைத் துறந்ததால் மாண்டோர் மீண்டு வருவரோ என்று சிலர் கேட்கலாம். வாரார், ஆனால், பிழை நேர்ந்தால் கீழே இருப்பவர்மேல் பழியைச் சுமத்தித் தப்பும் வழக்கத்திற்கு, மேலே இருந்த ஒருவர் தம் செயலால் விடையளித்தார்.

ஜப்பான் நாடு வேறொரு பாடத்தைக் கற்றது. 1962-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் இரவு, டோக்கியோ நகரில் மிக்காவாஷிமா நிலையத்தின் அருகே, நிறுத்தக் குறியை மீறிச் சென்ற சரக்கு வண்டி ஒன்று தடம் புரண்டது. அதன்மீது பயணிகள் வண்டி ஒன்று மோதியது. அம்மோதலில் காயமுற்றோர் பலராயினும், பெருந்துயரம் இனித்தான் வரவிருந்தது. பயணிகள் பெட்டிகளிலிருந்து இறங்கி, அடுத்த பாதையின்மீது நடக்கலாயினர். ஆறேழு நிமிடங்கள் கழிந்தன. அவ்வளவு நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து வரும் வண்டியை நிறுத்த எவரும் முற்படவில்லை. அவ்வண்டி விரைந்து வந்து, பாதையில் நடந்தோர்மீது பாய்ந்தது. 160 பேர் மாண்டனர். விபத்து நேர்ந்தவுடன் முதற்கடமை, பிற வண்டிகளை நிறுத்துவதே என்பதை அவ்வாறேழு நிமிடங்கள் கற்பித்தன. சிவப்பு விளக்கை ஓட்டுநர் காணத் தவறினும் எச்சரித்து வண்டியைத் தானே நிறுத்தும் கருவி, அதன்பின் ஜப்பானிய அரசின் இருப்புப்பாதைகள் எங்கும் விரைந்து பொருத்தப்பட்டது.

1964-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், டோக்கியோவிலிருந்து ஒசாகா வரை ‘ஷின்கான்சென்’ என்னும் புதிய இருப்புப்பாதையை அந்நாடு திறந்தது. அதன் நீளம் 515 கிலோமீட்டர். வண்டியின் வேகம் மணிக்கு 210 கிலோமீட்டர். அவ்வேகத்தையே உலகம் வியந்தது. ஆனால் வேகத்தினும் வியக்கத்தக்கது அப்பாதையின் அமைப்பாகும். சாலைகள் எவையும் அதனைக் குறுக்கிடவில்லை. சரக்கு வண்டிகள் அதில் செல்வதில்லை. பாதையோரக் கைகாட்டியை நம்பாமல், ஓட்டுநரின் முன்னாலேயே குறிகள் தோன்றின. அவர் வேகத்தைக் குறைக்கத் தவறினால் கருவியே குறைத்தது. பின்னாளில் நிலநடுக்கத்தை முன்னறிந்து வண்டிகளை நிறுத்தும் அமைப்பும் சேர்ந்தது. 2011-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் பெரும் நிலநடுக்கம் தாக்கியபோது, ஓடிக்கொண்டிருந்த அதிவேக வண்டிகளில் பயணி ஒருவரும் உயிரிழக்கவில்லை. மோதலாலோ தடம் புரள்வதாலோ அப்பாதைகளில் இதுவரை ஒரு பயணியும் மாண்டதில்லை.

ஜப்பான் விழாக் கொண்டாடிய அதே 1964-ஆம் ஆண்டின் இறுதியில், தமிழ்நாட்டின் தென்கிழக்குக் கடலோரத்தில் ஆறாத்துயர் ஒன்று நேர்ந்தது. இராமேசுவரம் தீவை நிலத்தோடு இணைக்கும் பாம்பன் பாலம் 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் திறக்கப்பட்டது. கடலின்மீது ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளம் செல்லும் அப்பாலத்தின் நடுப்பகுதி, கப்பல்கள் வரும்போது இரு கைகளையும் உயர்த்துவதுபோல் இருபுறமும் திறந்து வழிவிடும். அதனைக் கடந்த வண்டிகள் தீவின் முனையிலுள்ள தனுஷ்கோடி வரை சென்றன. அங்கிருந்து மக்கள் கப்பலேறி இலங்கையின் தலைமன்னாரை அடைந்தனர்.

டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற வண்டி, ஊரை நெருங்கும் நேரத்தில் பெரும்புயல் வீசியது. மலையென எழுந்த கடல் அவ்வண்டியை முழுதும் விழுங்கிற்று. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடி என்னும் ஊரே அழிந்தது. பாம்பன் பாலத்தின் இரும்புத் தூலங்களில் மிகப் பலவும் கடலில் வீழ்ந்தன; ஆனால் திறந்து மூடும் நடுப்பகுதி அசையாது நின்றது.

பாலத்தைச் செப்பனிட ஆறு திங்கள் வேண்டும் என்று மதிப்பிடப்பட்டது. அப்பணி ஸ்ரீதரன் என்னும் இளம்பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. கடலில் வீழ்ந்த தூலங்களையே மீட்டெடுத்துப் பயன்படுத்தி, அவரும் அவருடைய தோழர்களும் 46 நாட்களில் பாலத்தை மீண்டும் நிறுத்தினர். எனினும், தனுஷ்கோடிக்குச் சென்ற பாதை மீண்டும் போடப்படவில்லை. பின்னாளில் பாலத்தில் காற்றை அளக்கும் கருவி பொருத்தப்பட்டது. காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைக் கடந்தால் வண்டியைப் பாலத்தில் விடலாகாது என்பது விதி. எவ்வளவு அவசரமான பயணமாயினும், காற்றின் இசைவைப் பெற்ற பின்னரே வண்டி நகரும்.

நூறாண்டுகளுக்கு மேல் உப்புக்காற்றோடு போராடிய அப்பாலத்தில் 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. அதன் அருகிலேயே எழுப்பப்பட்ட புதிய பாலம் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்டது. 72.5 மீட்டர் நீளமுள்ள அதன் நடுப்பகுதி, பழைய பாலத்தைப்போல் இருபுறமும் விரியாமல், அப்படியே மேலெழுந்து கப்பல்களுக்கு வழிவிடுகிறது. டே ஆற்றில் ஒருவரும் அளக்காது விட்ட காற்றை, பாம்பனில் அளந்த பின்னரே வண்டி செல்கிறது. ஸ்காட்லாந்தின் புயலில் மாண்டோர்க்கும் நம் கடலைக் கடக்கும் பயணிகளுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத உறவு இவ்வாறு அமைந்துள்ளது.

இதுகாறும் கண்ட நிகழ்ச்சிகளில் பொதுவாய் விளங்கும் உண்மை ஒன்று உண்டு. விபத்தைப் புயலின்மேலும் விதியின்மேலும் சுமத்திவிட்டு மறந்த இடத்தில், அதே விபத்து மீண்டும் வரக் காத்திருக்கும். காரணத்தைத் தேடி, அது எவர்க்குக் கசப்பாயினும் வெளியிட்டு, திருத்திக்கொண்ட இடத்தில், மாண்டவர் உயிர் வாழ்பவர்க்குக் காவலராகின்றனர். மருந்து இருந்தும் கொடுக்கத் தயங்கியவர் ஆர்மாவில் சிறுவர்களை இழந்தனர். தளர்ந்த பட்டையின் ஒலியைக் கேட்டும் சொல்லாதவர் டே பாலத்தை இழந்தார். சிறு பழுதைக் கண்டவுடன் உரியவரிடம் சொல்லுதல் எத்தனை பெரிய அறம் என்பதை இவை காட்டுகின்றன.

அவ்வறம் எஞ்சினீயர்களுக்கும் அமைச்சர்களுக்கும் மட்டும் உரியதன்று. மழைக்கால இரவுகளில் கையில் விளக்கேந்திப் பாதைநெடுகிலும் நடந்து, கரை அரித்திருக்கிறதா, தண்டவாளம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் செல்லும் தொழிலாளியும் அவ்வறத்தையே காக்கிறார். நாம் உறங்கும் வண்டி அவர் பார்த்துச் சென்ற பாதையின்மீதே ஓடுகிறது. மூடிய கடவுக் கதவின் கீழே நுழைந்து ஓடுவோரும், நின்ற வண்டியிலிருந்து மறுபுறம் குதித்துத் தண்டவாளத்தைக் கடப்போரும், 1830-ஆம் ஆண்டில் பார்க்சைடு என்னுமிடத்தில் கற்பிக்கப்பட்ட முதற்பாடத்தை இன்னும் கற்காதவரே ஆவர். கடவுக் கதவு மூடுவதும் கைகாட்டி சிவப்பாவதும் நம் பயணத்திற்கு இடையூறுகள் போலத் தோன்றலாம். அவை முன்னோர் உயிர் கொடுத்து எழுதிச் சென்ற எச்சரிக்கைகள். அவற்றை மதித்து நிற்பதே, அவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றியாகும்.